பொம்மை ரெயிலுக்கு எந்த ஊர் மின்சாரம்?

அமெரிக்காவில் வாங்கிய பொம்மை ரெயிலை ஜெர்மனியில் ஓட்டலாமா? தாராளமாக ஓட்டலாம். ஆனால், அதனுடன் வந்த மின்சாரப் பெட்டியை ஜெர்மனியின் சுவரில் சொருகக் கூடாது.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. "காசு கொடுத்து வாங்கிய பெட்டி ஆயிற்றே! தூக்கி எறியவா?" என்று கேட்கிறார்கள். எறிய வேண்டாம். பரணில் போடலாம். குழந்தையின் கையில் மட்டும் கொடுக்கக் கூடாது.

ரெயிலுக்குத் தெரியாது

தண்டவாளத்தில் ஓடுகிற மின்சாரம் மிகக் குறைவு. அமெரிக்காவின் லயனல் ரெயிலுக்கு அதிகபட்சம் சுமார் 18 வோல்ட். ஜெர்மனியின் மேர்க்லின் ரெயிலுக்கு 16 வோல்ட். அது எந்த நாட்டுச் சுவரிலிருந்து வந்தது என்பது ரெயிலுக்குத் தெரியாது. தெரிய வேண்டியது, சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இருக்கும் டிரான்ஸ்பார்மர் பெட்டிக்குத்தான்.

அமெரிக்காவின் வீடுகளில் 120 வோல்ட். ஜெர்மனியில் 230 வோல்ட், முன்பு 220. நம் நாட்டிலும் 230தான். அமெரிக்கப் பெட்டியை இங்கே சொருகினால், தாங்கக் கூடியதைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு மின்சாரம் பாயும். உள்ளே கம்பிச் சுருள் கருகும். புகை வரும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலர், மேர்க்லின் ரெயில்களை ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். 220 வோல்ட் பெட்டியை அங்கே சொருகினால் புகை வராது. ரெயில்தான் நொண்டும். பின்னோக்கித் திரும்பவே திரும்பாது. திசை மாற்ற 24 வோல்ட் அடி கொடுக்க வேண்டும். அதில் பாதிதானே கிடைக்கிறது!

பாதி உண்மை

"வோல்ட்டைக் குறைக்கும் பெட்டி ஒன்றை நடுவே வைத்தால் போதும்" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. அந்தப் பெட்டி வோல்ட்டைத்தான் மாற்றும். மின்சாரத்தின் துடிப்பை மாற்றாது. அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 தடவை துடிக்கிறது. ஜெர்மனியிலும் இந்தியாவிலும் 50 தடவை. 60க்காகச் செய்த டிரான்ஸ்பார்மரை 50இல் ஓட்டினால், அதன் இரும்பு தேவைக்கு மேல் காந்தமாகும். உறுமல் கேட்கும். சூடு ஏறும். பத்து நிமிஷம் ஓட்டினால் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். பள்ளிக்கூட விடுமுறையில் எந்தப் பையன் பத்து நிமிஷத்தில் நிறுத்துவான்?

(ஜப்பானில் ஒரே நாட்டுக்குள் இரண்டும் உண்டு. டோக்கியோவில் 50, ஒசாகாவில் 60. அந்தக் காலத்தில் ஒரு நகரம் ஜெர்மன் யந்திரமும், மற்றொன்று அமெரிக்க யந்திரமும் வாங்கியதால் வந்த வினை!)

ஆகவே, எந்த நாட்டில் ஓட்டுகிறோமோ அந்த நாட்டு மின்சாரத்துக்கு ஏற்ற பெட்டியை வாங்குவதே சரி. செலவுதான். ஆனால், ரெயிலுக்குக் கொட்டிய பணத்தில் அது சிறு பங்குதான். இப்போது 100 முதல் 240 வோல்ட் வரை, 50, 60 இரண்டுக்கும் பொருந்தும் பெட்டிகளும் வருகின்றன. இந்த விவரத்தை எறும்பு எழுத்தில் பெட்டிக்கு அடியில் அச்சிடுகிறார்கள். பொம்மையின் படத்தைப் பெரிதாகப் போடுகிறவர்கள், இதையும் அட்டை மீதே பெரிதாகப் போட்டால் என்ன?

பிளக்கில் ஷாக்

அனுபவஸ்தர்களும் மறந்துவிடும் ஆபத்து ஒன்று உண்டு. ஒரே தண்டவாளத்தில் இரண்டு டிரான்ஸ்பார்மர் பெட்டிகளை இணைத்திருப்பார்கள். ஒன்றின் பிளக்கைப் பிடுங்கியதும், அது செத்த பிளக் என்று நினைப்பார்கள். இல்லை. மற்றப் பெட்டியின் 16 வோல்ட், தண்டவாளம் வழியாக இந்தப் பெட்டிக்குள் தலைகீழாகப் புகும். டிரான்ஸ்பார்மர் அதைத் திரும்பவும் 200 வோல்ட்டுக்கு மேலாக உயர்த்திவிடும். தரையில் கிடக்கும் பிளக்கின் பித்தளைக் கால்களில் அது நிற்கும். அதைத் தொடுவது பெரும்பாலும் தரையில் உட்கார்ந்து விளையாடும் குழந்தைதான்.