தீக்காயமும் தாதிப் படிப்பும்

நமது நாட்டில் ஒரு பெண் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்றால் ஊரார் மாலை போடுகிறார்கள். அதே பெண் நர்சுக்குப் படிக்கப் போகிறாள் என்றால், "பாவம், வேறு இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது" என்று இரக்கப்படுகிறார்கள். அவள் அந்தப் படிப்பையும் முடித்துவிட்டு, தீக்காயச் சிகிச்சை ஒன்றையே தனியாக எடுத்து மேல்படிப்புப் படிக்கப் போகிறேன் என்று சொன்னாலோ, "புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவதற்குக் கூடவா பட்டம்?" என்று சிரிக்கிறார்கள். இப்படிச் சிரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது அவசியம் என்று கருதியே இதை எழுதுகிறோம். ஏனெனில், இந்தச் சிரிப்புக்கு நாம் கொடுத்து வருகிற விலை மனித உயிராகும்.

வடுகபட்டி, பெரியகுளம், போடி, கம்பம் பக்கத்துத் தோழர்களுக்கு இது தூர தேசத்துச் சங்கதியல்ல. 2018-ஆம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி போடிக்கு மேலே குரங்கணி மலையில் பிடித்த காட்டுத் தீயில், மலையேறப் போன வாலிபர்களும் பெண்களும் சிக்கிக் கொண்டார்கள். ஒன்பது பேர் உடனே மாண்டார்கள். வெந்த உடம்போடு தூக்கி வரப்பட்டவர்கள் போடிக்கும், தேனிக்கும், மதுரைக்குமாகக் கொண்டு போகப்பட்டார்கள். அதோடு முடிந்ததா? பிறகு நாளுக்கு ஒருவர் இருவராக ஆஸ்பத்திரிப் படுக்கையில் இறந்து, கடைசியில் மாண்டவர் தொகை இருபதைத் தாண்டிற்று. அதாவது மலையில் மாண்டவர்களைவிட ஆஸ்பத்திரிக்கு வந்த பின் மாண்டவர்களே அதிகம். இதை நாம் எவர் மேலும் குற்றமாகச் சொல்லவில்லை. உடம்பின் பெரும்பகுதி வெந்தவரைப் பிழைக்க வைப்பது உலகத்தில் எங்குமே கஷ்டமான காரியந்தான். ஆனால், தீ அணைந்த பிறகும் தீக்காயம் கொன்று கொண்டே இருக்கும் என்பதையும், அந்தச் சண்டை வாரக் கணக்கில் படுக்கையண்டையில் நடக்கிறது என்பதையும் யோசித்துப் பார்க்கும்படியாகவே சொல்லுகிறோம். அந்தப் படுக்கையண்டையில் இரவும் பகலும் நிற்பது யார்? டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். நிற்பவள் நர்சேயாகும்.

அவள் செய்வது வெறும் கட்டுப் போடுவதுதானா என்று பார்ப்போம். தோல் வெந்து போனால் உடம்பிலுள்ள நீர் இரத்தக் குழாய்களை விட்டுக் கசிந்து போகிறது. அதை ஈடு செய்யாவிட்டால் சிறுநீரகம் நின்று ஆள் மாண்டு போவான். இதற்கு ஒரு கணக்கு உண்டு. முதலில் உடம்பில் எவ்வளவு வெந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தலை 9 பங்கு, ஒவ்வொரு கையும் 9 பங்கு, ஒவ்வொரு காலும் 18 பங்கு, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18, மிச்சம் 1, ஆக நூறு. பிறகு, 60 கிலோ எடையுள்ள ஒருவனுக்கு 30 பங்கு வெந்திருந்தால், நாலை அறுபதாலும் முப்பதாலும் பெருக்கி, 24 மணி நேரத்தில் 7,200 மில்லி லிட்டர் திரவம் ஏற்ற வேண்டும் என்று தொடங்குகிறார்கள். இதில் பாதி முதல் எட்டு மணி நேரத்திற்குள் போக வேண்டும். அந்த எட்டு மணி நேரமும் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, வெந்த நேரத்திலிருந்து கணக்காகும். மலைக் கிராமத்தில் வெந்தவன் வண்டி தேடி வந்து சேர மூன்று மணி நேரமானால், மிச்சம் இருப்பது ஐந்தே மணி நேரம்.

அதோடு தீர்ந்ததா? கணக்குப்படி ஏற்றினால் மட்டும் போதாது. மணிக்கு மணி சிறுநீரை அளந்து, குறைந்தால் கூட்டியும், அதிகமானால் குறைத்தும் வர வேண்டும். கூடிப் போனால் நுரையீரலில் நீர் கோத்துக் கொள்ளும், உடம்பு வீங்கும். குழந்தைகளுக்கு அளவே வேறு. முகம் வெந்து குரல் கம்மியிருந்தால் மூச்சுக்குழல் வீங்கி அடைத்துக் கொள்ளப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். பிறகு சீழ் வைக்காமல் காக்க வேண்டும். கட்டை மாற்றும் போதெல்லாம் நோயாளி படுகிற நரக வேதனைக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டும். கழுத்து வெந்தவனுக்கு, இதமாக இருக்கட்டும் என்று உயரத் தலையணை வைத்தால், புண் ஆறுகிற போது தாடை நெஞ்சோடு ஒட்டிப் போகும். கையை மடக்கி வைத்தால் மடங்கியே போகும். ஆகையால், நோயாளிக்கு எது சுகமோ அது பல சமயங்களில் அவனுக்குக் கேடு. இதையெல்லாம் தெரிந்து செய்வதற்குக் கைராசி போதாது, படிப்பு வேண்டும்.

மேல்நாடுகள் இதை எப்படித் தெரிந்து கொண்டன? அங்கேயும் ஆயிரக்கணக்கில் செத்துத்தான் தெரிந்து கொண்டார்கள். 1942-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கேளிக்கை விடுதி ஒன்றில் தீப்பிடித்து 492 பேர் மாண்டார்கள். அதில் கற்றது வைத்தியத்தையே மாற்றிற்று. யுத்தத்தில் விமானத்தோடு வெந்து வந்த வாலிபர்களை வைத்து இங்கிலாந்தில் மக்கிண்டோ என்னும் டாக்டர், முகத்தைத் திரும்பச் செய்வது மட்டுமல்லாமல், அவர்கள் ஊரார் முன்னால் கூச்சமின்றி நடமாடச் செய்வதும் சிகிச்சையே என்று காட்டினார். பர்மிங்ஹாமில் கோல்புரூக் என்பவர் தீக்காயத்தில் சீழ் வராமல் தடுக்கும் முறைகளை ஆராய்ந்ததோடு நில்லாமல், வீட்டு அடுப்புகளுக்குக் காப்புத் தடுப்பு இருக்க வேண்டுமென்று கிளர்ச்சி செய்தார். 1952-ல் அதற்குச் சட்டமே வந்தது. இவற்றுக்கெல்லாம் அங்கே தனி வார்டும், தனியாகப் பழக்கப்பட்ட நர்சுகளும் ஏற்பட்டார்கள்.

நாமோ என்ன செய்கிறோம்? வெந்தவன் மேல் மை ஊற்றுகிறோம், மாவு தடவுகிறோம், சாணம் அப்புகிறோம், பற்பசை பூசுகிறோம். பூக்குழியில் கால் வெந்தவனைப் பார்த்து, "விரதத்தில் குற்றம்" என்கிறோம். அடுப்பில் வெந்த மருமகளைப் பார்த்துத் "தலையெழுத்து" என்கிறோம். உடனே செய்ய வேண்டியதோ காசில்லாத காரியம்: குளிர்ந்த சுத்தமான ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுவது, மோதிரம் வளையல்களைக் கழற்றுவது, சுத்தமான துணியால் மூடுவது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது. பனிக்கட்டியும் கூடாது.

நம் முன்னோர் வைத்தியத்தில் ஒன்றுமே இல்லையா என்று சிலர் கோபிக்கலாம். இருப்பதைச் சோதித்துப் பார்த்து எடுத்துக் கொள் என்பதே நமது பதில். கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற வாழையின் இலையையே, ஆவியில் கிருமி நீக்கிப் புண்ணின் மேல் கட்டாக வைத்து மும்பை டாக்டர்கள் சோதித்து, வலி குறைகிறது என்று கண்டு 2003-ல் வெளியிட்டார்கள். அதே வாழையின் சாற்றை மண்ணோடு பிழிந்து ஊற்றுவது வைத்தியமாகாது. இலை ஒன்றுதான், பரீட்சை செய்ததும் செய்யாததுமே வித்தியாசம்.

இன்னொரு முக்கியமான விஷயம். தீக்காயத்தால் நமது நாட்டில் அதிகமாகச் சாவது யார்? 2001-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் தீயால் 1,63,000-க்கு மேற்பட்டோர் மாண்டதாகவும், அவர்களில் 1,06,000 பேர் பெண்கள் என்றும், அவர்களிலும் பெரும்பாலோர் 15 வயது முதல் 34 வயதுக்குட்பட்டவர்கள் என்றும் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகை 2009-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டது. ஸ்டவ் வெடிப்பதற்கு மாமியார் யார், மருமகள் யார் என்று தெரியுமா? வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஆனால், வெந்து கிடக்கிற பெண்ணின் படுக்கையைச் சுற்றிப் புருஷன் வீட்டார் நின்று கொண்டு, "தவறித்தான் பட்டது என்று சொல்" என்று காதில் ஓதினால் சட்டம் என்ன செய்யும்? அந்த நேரத்தில் அவர்களை வெளியே நிறுத்தி, நோவைத் தணித்து, அவள் சொல்ல விரும்பினால் மாஜிஸ்திரேட்டிடம் பயமின்றிச் சொல்லும்படி செய்வதற்கும் பழக்கமும் தைரியமும் படைத்த நர்சு வேண்டும். ஆகவே, இந்தப் படிப்பு உடம்பைக் காப்பதோடு, பெண்ணின் வாக்கையும் காப்பதாகும்.

இப்போது இங்குள்ள நிலைமை என்ன? நர்சிங் பட்ட மேற்படிப்பு இரண்டு வருஷம். அதில் பொது மருத்துவ-அறுவை சிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் என்பவை முக்கியப் பிரிவுகள். தீக்காயம் முதல் பிரிவுக்குள் ஒரு பாடமாக அடங்கி விடுகிறது. தீக்காயத்திற்கும் மறுசீரமைப்பு அறுவைக்குமென்றே ஓராண்டுப் பாடத் திட்டம் ஒன்றையும் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்தது. சென்னைக் கீழ்ப்பாக்கம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பெயர் பெற்ற தீக்காயப் பிரிவு இருக்கிறது. ஆகவே, ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால், படித்து வந்தவளை அந்த வார்டில் நிலைக்க விடாமல் மாற்றிக் கொண்டே இருந்தால் படித்து என்ன பிரயோஜனம்? அதிகம் படித்தவளுக்கும் படிக்காதவளுக்கும் ஒரே சம்பளம், ஒரே பதவி என்றால் எவள் படிப்பாள்? 2015-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஒப்பந்தத்தில் எடுத்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்ததும், அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் கூடிப் போராட நேர்ந்ததும் யாவரும் அறிந்ததே. "தியாகம்", "சேவை", "தாய்மை" என்று மேடையில் புகழ்வதும், சம்பளம் என்றால் வாயை மூடிக் கொள்வதும் எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம். புகழ்ச்சியைக் கொண்டு போய் அரிசி வாங்க முடியாது.

ஆகவே நாம் வேண்டுவது இது. ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும், தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்றவற்றிலும் தீக்காயத்திற்கென்றே படித்த நர்சுகளுக்கு நிரந்தரப் பதவி ஏற்படுத்த வேண்டும். அவர்களைப் படிக்க அனுப்பும் காலத்தில் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். திரும்பி வந்தால் அதற்கேற்ற உயர்ந்த சம்பளமும், அந்த வார்டிலேயே இருக்கும் உரிமையும் தர வேண்டும்.

வடுகபட்டித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பூண்டுக்கு என்ன விலை என்று சந்தையில் நாள்தோறும் விசாரிக்கிற நாம், நம் பக்கத்து ஆஸ்பத்திரியில் தீக்காயம் பார்க்கப் பழகிய நர்சு எத்தனை பேர் என்று ஒரு நாளாவது விசாரித்தோமா? அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெண் இந்தப் படிப்பைப் படிக்கிறேன் என்றால், அவள் நகைக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்துப் படிப்புக்குக் கட்டுங்கள். கழுத்தில் கிடக்கிற சங்கிலி ஒருவரையும் பிழைக்க வைக்காது.