ஹெரால்டு கூரையை வெட்டப் போகிறவனுக்கும், "அவன் கார், அவன் இஷ்டம்" என்கிறவர்களுக்கும்



பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோவிக்க மாட்டேன். ஆனால் வீட்டில் கிரைண்டர் வைத்திருக்கிறவர்கள் கடைசிவரை படிக்கணும்.

புதன்கிழமை ராத்திரி பழைய மாணவன் ஒருவன் போன் பண்ணினான். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். "சார், உங்க அண்ணன் வீட்டு ஹெரால்டுக்குக் கூரையை வெட்டி இறக்கித் தரச் சொல்றாங்க. அட்வான்ஸ் வாங்கிட்டேன். கை ஓடல. உங்களுக்குத் தெரியுமா?" என்றான். எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் நரசிங்கம் ரோட்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தகரக் கொட்டகைக்கு அடியில் வண்டி நிற்கிறது. கண்ணாடி ஓரத் தூண்கள் எல்லாவற்றிலும் சாக்பீஸால் இரண்டு இரண்டு கோடு. கோட்டுக்குக் கோடு 4 அங்குலம். சாக்பீஸ் கோடு எனக்குப் புதிதில்லை, 34 வருஷம் போட்டவன். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்ததும் வயிறு கலங்கியது.

அண்ணன் மகனிடம் கேட்டேன். "சித்தப்பா, இதுக்குப் பேரு சாப் டாப். அமெரிக்காவுல பண்றாங்க. வண்டி குட்டையா, பதுங்குன புலி மாதிரி இருக்கும். வீட்டுலயே பண்ணலாம், வீடியோ இருக்கு" என்றான். குடும்பக் குரூப்பில் போட்டேன். பாதிப் பேர் "அவன் கார், அவன் இஷ்டம்" என்றார்கள். ஒருவர் என்னைப் "பழைய ஆள்" என்றார். வண்டியும் பழசுதான், நானும் பழசுதான். அதனால்தான் பேசுகிறேன்.

முதலில் அவன் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது கிறுக்குத்தனம் இல்லை, அங்கே ஒரு கலை. கலிபோர்னியாவில் காய்ந்த ஏரிப்படுகைகளில் வண்டியை விரட்டிப் பந்தயம் வைத்த பையன்கள், காற்று தடுக்கிறது என்று கூரையை இறக்கினார்கள். பிறகு அதுவே அழகாகிவிட்டது. பாரிஸ் சகோதரர்கள் பட்டறையில் பாப் ஹிரோஹட்டாவுக்காக உருமாற்றிய 1951 மெர்க்குரி கூப்பே இன்றைக்கும் உலகம் கொண்டாடுகிற வண்டி. நானும் படத்தைப் பார்த்தேன். அழகுதான். ஆனால் அந்த மெர்க்குரி லட்சக்கணக்கில் ஓடிய வண்டி. ஒன்றைக் கெடுத்தால் அடுத்த தெருவில் இன்னொன்று மலிவாகக் கிடைத்தது. ஒத்தக்கடையில் இன்னொரு ஹெரால்டு எங்கே நிற்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்.

அந்த வீடியோ 12 நிமிஷம். அதில் வராத கணக்கைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குதான், என்னிடம் படித்தவர்கள் யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது. காரின் தூண்கள் செங்குத்தாக நிற்பதில்லை. முன் தூண் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும், பின் தூண் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும். சாய்வு 30 பாகை என்று வைத்துக்கொள். 4 அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கூரையை நேராக இறக்கினால், மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் உட்காராது. 4 பெருக்கல் டேன் 30, அதாவது 2.3 அங்குலம் தள்ளி நிற்கும். முன்னால் 2.3, பின்னால் 2.3. கூட்டினால் நாலரை அங்குலத்துக்கு மேல் கூரை நீளம் பற்றாது. அப்போது கூரையைக் குறுக்காக அறுத்து நடுவில் தகரம் வைத்து ஒட்டணும். பக்கவாட்டிலும் சாய்வு உண்டு, அங்கேயும் இதே ரோதனை. கதவின் கண்ணாடிச் சட்டங்களும் அதே அளவுக்கு இறங்கணும். ஒரு தூணில் கால் அங்குலம் பிசகினாலும் கூரை கோணிக்கொண்டு நிற்கும். சாக்பீஸ் கோடு போட்டவன் இந்தக் கணக்கைப் போட்டானா என்று கேட்டேன். "பட்டறை அண்ணன் பாத்துக்குவாரு" என்றான். பட்டறை அண்ணனும் என் மாணவன்தான், அவன் கணக்கில் வாங்கிய மார்க் எனக்குத் தெரியும்.

சரி, தூண் ஒட்டியாச்சு. கண்ணாடி? கதவுக் கண்ணாடி பதப்படுத்தின கண்ணாடி. அதை வெட்ட முடியாது. கட்டர் ஆழமாகப் பட்டால் மொத்தமும் கல்கண்டு மாதிரி பொலபொலவென்று உதிரும். முன்கண்ணாடி வளைந்தது. 4 அங்குலம் குட்டையான ஹெரால்டு கண்ணாடியை எந்தக் கடையில் கேட்பது?

வெல்டிங்கைப் பற்றி என் மாணவனே சொன்னான், அவனைப் பாராட்டணும். கேட்டும் கிரில்லும் ஒட்டுகிற கை அவனுடையது. கார்க் கூரைத் தகரம் 1 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. கேட்டுக்குப் பிடிக்கிற ராடைப் பிடித்தால் ஓட்டை விழும். விழாவிட்டால் சூட்டில் அப்பளம் மாதிரி நெளியும். ஹெரால்டுக்குப் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? பின்னால் டிக்கிக்குள். மேலே கூரையில் பழைய துணி. நடுவில் கிரைண்டர் பொறி. பக்கத்தில் வைக்கோல் படப்பு. தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் கொட்டகையும் இருக்காது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், அதைச் சுட்டால் வருகிற புகையை யார் மூச்சில் ஏற்றுவது? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

"சார், எங்க வீட்டு அம்பாசடர்க் கூரையை மொத்தமா எடுத்து மாப்பிள்ளை அழைப்பு வண்டியா மாத்தலாமா?" என்று இன்னொரு மாணவன் இன்பாக்சில் கேட்டிருக்கிறான். வகுப்பில் நான் செய்து காட்டிய தீப்பெட்டி ஞாபகம் இருக்கா? உள்ளே இருக்கிற தட்டை மட்டும் எடுத்து இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினால் முறுங்கும். மேலுறைக்குள் செருகிவிட்டு முறுக்கினால் அசையாது. அம்பாசடரும் பத்மினியும் அந்தத் தீப்பெட்டிதான். அவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பேதான் சட்டம். கூரையை எடுத்தால் நடு தொய்யும், கதவு சாத்தாது. தொழிற்சாலையிலிருந்து திறந்த காராகவே வருகிற வண்டிக்கு அடிப்பாகத்தில் கனத்த இரும்பு கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். ஊர்வலத்தில் நடை வேகத்தில் போகும்போது ஒன்றும் தெரியாது. மேலூர் நாலுவழிச் சாலையில் கவிழும்போது தெரியும்.

ஹெரால்டு அந்த ஜாதி இல்லை. இங்கேதான் எனக்கு அதிகக் கோபம். இந்த வண்டியை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக 1959-ல் வந்தது. அந்தக் கம்பெனிக்கு உடம்பு செய்து கொடுத்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு உடம்பையும் ஒரே இடத்தில் அடித்து வாங்க வழியில்லை. அதனால் தனிச் சட்டம் போட்டு, அதன் மேல் துண்டு துண்டாகச் செய்த உடம்பை போல்ட் போட்டுப் பூட்டினார்கள். பானெட் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறப்பது அதனால்தான். 1961-லிருந்து நம் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி இதைச் செய்தது. கூரை எப்படி நிற்கிறது? போல்ட்டில்! தம்பி, நீ கிரைண்டரால் அறுக்கப் போகிற கூரை, ஸ்பேனர் போட்டால் முழுசாகக் கழன்று வருகிற கூரை. ஆசை தீர ஒரு நாள் கழற்றி வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டலாம். அப்படியொரு வண்டியைப் போய் அறுக்கிறேன் என்கிறாயே!

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடுவோம், நம் ஊரில் ஹைகோர்ட்டே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியின் உடம்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிறம் மாற்றுவது வேறு, கூரை மாற்றுவது வேறு. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதி இல்லாமல் செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று போட்டிருக்கிறார்கள்.

அதைவிட முக்கியம் 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதி. 50 வருஷம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வண்டிக்குத் தனிப் பதிவு, எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள், 10 வருஷம் செல்லும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் ஓட்டிப் போகலாம். நிபந்தனை ஒன்று: சட்டத்திலோ உடம்பிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அண்ணன் வண்டி 1967 மாடல், தகுதி இருக்கிறது. வெட்டின மறு நிமிஷம் இருக்காது. அப்புறம் அது விண்டேஜும் இல்லை, ரோட்டு வண்டியும் இல்லை, கொட்டகையில் கிடக்கிற தகரம்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா என்றால், இல்லை. 1993. இவன் பிறந்த வருஷம். அண்ணியைப் பிரசவம் முடிந்து கூட்டிவரப் போனோம். தொட்டில், பாத்திரம், மெத்தை எல்லாம் ஏற்றணும். கேரியர் இல்லை. நானும் அண்ணனும் கைத்துளைப்பானை எடுத்துக் கூரையில் 4 ஓட்டை போட்டு ஒரு கேரியரைப் பூட்டினோம். நான்தான் துளைத்தேன், அண்ணன் வண்டியைத் தடவிக்கொண்டே நின்றார். கேரியர் அந்த ஒரு பயணத்தோடு சரி. ஓட்டை நின்றுவிட்டது. ரப்பர் வைத்தோம், எம்-சீல் வைத்தோம், தார்கூட வைத்தோம். ஐப்பசி வந்தால் தண்ணீர் இறங்கும். உள்துணி அழுகியது, கூரையின் வலது ஓரம் துருப்பிடித்தது. ஒவ்வொரு மழைக்கும் அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் போவார், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாகிற வருஷம் வரைக்கும் போனார். நாலு ஓட்டைக்கே 30 வருஷக் கதை இது.

"அவன் கார், அவன் இஷ்டம்" என்கிற சொந்தங்களுக்கு: ஆர்.சி. புக்கில் பெயர் அவனுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் 1976-ல் அண்ணன் அதை வாங்கி வந்த நாளிலிருந்து நம் வீட்டில் யார் கல்யாணத்துக்கு அது போகவில்லை? குரூப்பில் கட்டைவிரல் தூக்கிய அக்கா மகளே, உன் அம்மாவுக்கு வலி வந்த ராத்திரி பெரியாஸ்பத்திரிக்குப் போனது எந்த வண்டியில் என்று கேட்டுப் பார். 2010-ல் யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது நம் ஊரே திரண்டது. மலை யார் பெயரில் இருக்கிறது என்றா அன்றைக்குப் பார்த்தோம்? பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த இவனும் அந்தக் கூட்டத்தில் நின்றான். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தான். நான்தான் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

தம்பி, உன்னைப் பத்துப் பேர் முன்னால் வைத்து எழுதியதற்குக் கோபம் வரும். தனியாகச் சொன்னேன், சிரித்தாய். அதனால் இங்கே எழுதுகிறேன். குட்டையான வண்டிதான் வேண்டுமென்றால் உன் ஆறடி உடம்பு அதற்குள் எப்படி மடங்கும் என்றாவது ஒரு தடவை உட்கார்ந்து பார்.

பட்டறைக்காரனிடம் நீ கொடுத்த அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்லிவிட்டேன். அவன் தருவான். ஞாயிறு காலை 8 மணிக்கு நான் வருகிறேன். கிரைண்டர் வயரைப் பிடுங்கி வை. உன் மில்லிமீட்டர் ஸ்பேனர் இந்த வண்டிக்குச் சேராது, இதில் எல்லாம் அங்குல அளவு. அண்ணன் வைத்திருந்த செட் என் பரணில் இருக்கிறது, எடுத்து வருகிறேன். கூரையைக் கழற்றி இறக்க நாலு பேராவது வேணும், மாணவர்கள் யாராவது வந்தால் நல்லது. கழற்றினதும் என் 4 ஓட்டையை அடைத்துத் துருவைச் சுரண்டுவோம். டிபன் அண்ணி செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.