மார்கழிச் செடிக்கு இருட்டு வேண்டும்

எங்கள் வீட்டு வாசல் மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு பாயின்செட்டியா நிற்கிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் இலை சிவக்கும் செடி என்றால் எல்லோருக்கும் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய டிசம்பரில் அது பாதிதான் சிவந்தது. சுவரை ஒட்டிய நான்கு கிளைகளில் குங்குமச் சிவப்பு. தெருவைப் பார்த்த கிளைகளில் ஓர் இலைகூட நிறம் மாறவில்லை. அதற்கு முந்தைய ஆண்டும் அப்படித்தான். சத்து போதவில்லை என்று எரு வைத்தேன். வேரில் புழுவோ என்று மண்ணைக் கிளறிப் பார்த்தேன். இந்த ஜவ்வாது மலையில் இருபத்து நான்கு ஆண்டுகள் தாவரவியல் நடத்தியவள் நான். ஆனாலும் எதிர்க் கம்பத்தில் புதிதாக மாட்டிய வெள்ளை எல்.இ.டி. விளக்கைச் சந்தேகிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

இந்தச் செடியில் பூ என்று நாம் பார்ப்பது பூவைச் சூழ்ந்திருக்கும் இலைகளைத்தான். உண்மையான பூக்கள் நடுவில் சின்னச் சின்ன மஞ்சள் மணிகளாக இருக்கும். அவை அரும்பவும் சுற்றியுள்ள இலைகள் சிவக்கவும் நீண்ட இரவு வேண்டும். எங்கள் மலையில் ஜூன் மாதத்தில் சூரியன் மறைந்து மறுபடி எழுவதற்கு ஏறத்தாழ 11 மணி 10 நிமிடம் ஆகும். டிசம்பர் கடைசியில் அது 12 மணி 35 நிமிடத்தைத் தாண்டும். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நாம் உணராமலே கடந்துபோகும் அந்த ஒன்றரை மணி நேரத்தைச் செடி அளந்து வைத்துக்கொள்கிறது. ஐப்பசியில் இரவு போதுமான அளவு நீண்டதும் செடிக்குள் வேலை ஆரம்பித்துவிடும்.

அந்த இரவை நடுவில் வெட்டினால் கணக்கு தப்பிவிடும். 1938இல் ஹாம்னர், பானர் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் மருளூமத்தையை வைத்து இதைச் சோதித்தார்கள். நம் ஊர்ப் புறம்போக்கில் துணியில் ஒட்டிக்கொள்ளும் முள்காய்ச் செடிதான் அது. நீண்ட இரவின் நடுவில் ஒரே ஒரு நிமிடம் வெளிச்சம் காட்டினாலும் அது பூக்காமல் நின்றுவிட்டது. பகலைக் குறைப்பது முக்கியமில்லை, இரவு உடையாமல் இருப்பதுதான் முக்கியம் என்று அதிலிருந்து தெரிந்தது. பனிக்காலப் பண்டிகைகளுக்கு நாம் வாங்கும் தொட்டிச் செடிகளில் பலவும் இந்த வகைதான். கலஞ்சோ, கிறிஸ்துமஸ் கள்ளி, பொங்கலுக்கு வாசலை நிறைக்கும் சாமந்தி எல்லாமே நீண்ட இரவுக்குக் காத்திருப்பவை. சாமந்தி விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். பூவைத் தள்ளிப்போட வேண்டும் என்றால் இரவில் தோட்டத்தில் வரிசையாக பல்பு எரிய விடுகிறார்கள். அவர்கள் வேண்டும் என்றே செய்வதை, நாம் அறியாமல் நம் வாசல் செடிக்குச் செய்துகொண்டிருக்கிறோம்.

இருட்டின் அருமையை இந்த மலைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருட்டுக்காகவே ஒரு பெரிய நிறுவனம் தேடி வந்த மலை இது. நகர வெளிச்சம் எட்டாத இடம், தென்வானமும் தெரியும் என்பதற்காக வானியலாளர் வைணு பாப்பு 1960களில் இந்த மலையில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே அமைந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதைப் பார்க்க பாப்பு உயிரோடு இல்லை; அவர் பெயரை அதற்கு வைத்தார்கள். 1988இல் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. என் மாணவர்களை அங்கே அழைத்துப் போன ஒவ்வொரு முறையும், திரும்பும் வழியில் பிள்ளைகள் வண்டி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்தபடியே வருவார்கள். அன்று சாலையில் ஒரு விளக்கு இருக்காது.

விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரடி நடமாட்டம் உள்ள ஊர் இது. பாம்புக்குப் பயந்து, பிரசவ வலி கண்ட பெண்ணைக் கையில் அரிக்கேனோடு தூக்கிக்கொண்டு இறங்கிய காலத்தை நான் பார்த்திருக்கிறேன். தெரு விளக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நடக்கிற பாதையில் விழ வேண்டிய வெளிச்சம் வீட்டுச் சுவரிலும் மரத்திலும் வானத்திலும் விழுந்தால் அது யாருக்கு உதவும்? விளக்கின் மேல் ஒரு தகர மூடி, கண்ணைக் கூசாத மஞ்சள் ஒளி, ஆள் நடமாட்டம் அடங்கியதும் கடை போர்டுகளை அணைத்துவிடும் பழக்கம், இவ்வளவுதான் கேட்கிறேன். காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இன்னொரு தொலைநோக்கி இருக்கும் லடாக்கின் ஹான்லேயைச் சுற்றி, 2022இல் இருண்ட வானக் காப்பிடம் அறிவிக்கப்பட்டது. வெளிச்சம் வெளியே சிதறாமல் மறைத்துக்கொள்ள அங்கே ஊர் மக்களே கைகோத்தார்கள். ஹான்லேயில் முடிந்தது ஜவ்வாது மலையில் முடியாதா?

சரி, செடிக்கு வருகிறேன். இந்த ஆண்டும் பலர் தொட்டியில் பாயின்செட்டியா வாங்கப் போகிறீர்கள். வாங்கும்போது சிவப்பைப் பார்த்து மயங்காதீர்கள். நடுவில் இருக்கும் மஞ்சள் மணிகளைப் பாருங்கள். அவை விரியாமல் இறுக்கமாக இருந்தால் செடி இளசு. பல வாரம் நிற்கும். மகரந்தம் கொட்டி மணிகள் உதிர்ந்திருந்தால் அது முடியப்போகிற செடி. அடியில் இருக்கும் பச்சை இலைகள் தண்டின் கீழ்வரை நிறைந்திருக்க வேண்டும். போளூரிலிருந்து மலையேறும் பேருந்தில் ஜன்னலோரம் வைத்துக் கொண்டுவந்து, வீடு சேர்வதற்குள் பாதி இலையை உதிர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்று படாமல் காகிதம் சுற்றி மடியில் வைத்து வாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியைச் சுற்றிக் கட்டியிருக்கும் பளபளப்புத் தாளைக் கழற்றிவிடுங்கள். அதற்குள் தண்ணீர் தேங்கி வேர் அழுகித்தான் பெரும்பாலான செடிகள் சாகின்றன. மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும். மார்கழி இரவில் திண்ணையில் விடாமல் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். இது கள்ளிக் குடும்பம் என்பதால் கிள்ளினால் பால் வரும். குழந்தை தொட்டால் உயிருக்கே ஆபத்து என்று ஒரு பேச்சு உண்டு. அவ்வளவு கொடியது இல்லை. பால் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும், தின்றால் வயிற்றைக் குமட்டும். குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைப்பது போதும்.

பொங்கல் முடிந்ததும் இலை உதிர்வதைப் பார்த்துச் செடி செத்துவிட்டது என்று குப்பையில் போடுகிறார்கள். எனக்கு மனம் பொறுக்காது. மெக்சிகோவின் மலைச்சரிவுகளில் புதராக வளரும் செடி அது. நம் மலை அதற்கு அந்நியமில்லை. மாசி, பங்குனியில் ஒரு சாண் விட்டுக் கவாத்து செய்து மண்ணில் நட்டால், ஆடிக்குள் இடுப்புயரம் வந்துவிடும். ஆவணி வரை நுனியைக் கிள்ளலாம், அதன் பிறகு தொடக் கூடாது. தொட்டியில்தான் வளர்க்க வேண்டும் என்றால், ஐப்பசி பிறந்ததிலிருந்து எட்டுப் பத்து வாரம் மாலை ஐந்தரைக்கு மூடி காலை ஏழரைக்குத் திறக்க வேண்டும். நான் கோழி கவிழ்க்கும் கூடையின் மேல் இரட்டைச் சாக்கைப் போர்த்தி மூடுகிறேன். ஒரு நாள் மறந்தாலும் செடி பின்தங்கும். இலை சிவந்த பிறகு மூட வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்குக்குப் பக்கத்திலேயே வைக்கலாம்.

எதிர்க் கம்பத்து விளக்குக்குப் போன ஆண்டு புரட்டாசியில் ஒரு தகர மூடி போட்டுக் கொடுத்தார்கள். பாதையில் வெளிச்சம் குறையவில்லை. வாசல் மூலைச் செடி டிசம்பர் இரண்டாம் வாரத்தில் எல்லாக் கிளையிலும் சிவந்தது. உங்கள் வாசலிலும் ஒரு செடி இருந்தால், ஐப்பசியும் கார்த்திகையும் முடியும்வரை அதன் மேல் விழும் விளக்கை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் திருப்பி வையுங்கள்.