பத்து நாள், ஏழு நாடு

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம்மூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். தாலுக்கா ஆபீசில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் எதிரே வந்தார். எனக்கு எட்டு வருஷம் பின்னால் ரிடையர் ஆனவர். கையில் மூன்று வண்ணக் காகிதங்கள். மூன்றும் ஐரோப்பா டூர் விளம்பரம். ஒன்று பத்து நாளில் ஏழு நாடு. இன்னொன்று பதினாலு நாளில் பத்து நாடு. மூன்றாவது எட்டு நாள், பாரிசும் சுவிட்சர்லாந்தும் மட்டும்.

"சார், நீங்கதான் பிரெஞ்சு படிச்சவராச்சே. போயிட்டும் வந்திருக்கீங்க. எதுல போறது, சொல்லுங்க. டெபாசிட் ஒண்ணு முதிர்ஞ்சிருக்கு. வீட்லயும் ஆசைப்படறாங்க" என்றார். சொல்லும்போதே பத்து நாட்டுக் காகிதத்தை மேலே எடுத்து வைத்தார். மனசு அதில்தான் இருந்தது.

முதல் இரண்டும் வேண்டாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. நான் ஏதோ பொறாமையில் சொல்வதாக நினைத்திருப்பார். கொசு வேறு பிடுங்கியது, நின்று விளக்க முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவர் மட்டுமில்லை, வாலாஜா, ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் பென்ஷன் வாங்குகிற பல பேர் இப்போது இந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. அப்பா புதுச்சேரியில் மில் வேலை. நான் அங்கே பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். லுவார், ரோன், கரோன், சேன் என்று பிரான்ஸ் நாட்டு ஆறுகளை மனப்பாடமாக ஒப்பிப்பேன். பாலாறு நந்தி மலையில் பிறக்கிறது என்பது இருபது வயதுக்கு மேல், அப்பா காலமாகி அம்மாவின் ஊரான காவேரிப்பாக்கத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். வந்த இடமும் எப்படிப்பட்டது பாருங்கள். 1752 பிப்ரவரியில் கிளைவின் படை பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்தது இதே காவேரிப்பாக்கத்தில்தான். மாந்தோப்பில் பிரெஞ்சுப் பீரங்கிகளை மறைத்து வைத்திருந்தார்கள். ராத்திரியில் பின்பக்கமாகப் போய்ப் பிடித்துவிட்டார்கள். பிரெஞ்சு தோற்ற ஊரில் பிரெஞ்சு படித்த குமாஸ்தா என்று ஆபீசில் என்னைக் கேலி செய்வார்கள்.

2014ல் நானும் என் மனைவியும் போனோம். அதுவும் பத்து நாள், ஏழு நாடு. கம்பெனி பெயர் எதற்கு, எல்லாம் ஒரே மாதிரிதான். குமாஸ்தா புத்தி, நேரத்தையெல்லாம் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். ஊர் திரும்பிக் கூட்டிப் பார்த்தேன். பஸ்ஸில் 51 மணி நேரம். கடைகளில் 9 மணி நேரம். பார்க்க வேண்டும் என்று போன இடங்களில் காலூன்றி நின்றது 19 மணி நேரம். ஏழு நாட்டில் ஒன்று லீக்டென்ஸ்டைன். மொத்தமே 160 சதுர கிலோமீட்டர், பழைய வாலாஜா தாலுக்காவில் போட்டால் ஒரு மூலையில் கிடக்கும். அங்கே நின்றது 35 நிமிஷம். காசு கொடுத்து பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்திக்கொண்டோம். அதோடு ஒரு நாடு முடிந்தது.

பாரிசில் நடந்ததைச் சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன்.

ஈபிள் கோபுரத்தை போட்டோ எடுக்க எதிர்க்கரையில் த்ரொக்கதேரோ என்ற மேட்டில் நிறுத்துவார்கள். எங்களுக்கு நாற்பது நிமிஷம். அங்கிருந்து பத்து நிமிஷம் நடந்தால் கிமே அருங்காட்சியகம். ஆசியக் கலைப் பொருள்கள் நிறைந்த இடம். எமில் கிமே என்ற லியோன் நகரத் தொழிலதிபர் உண்டாக்கியது, பாரிசில் 1889ல் திறந்தார்கள். (இவருடைய அப்பாதான் செயற்கை நீலச் சாயத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். நாம் வெள்ளை வேட்டிக்குப் போட்ட சொட்டு நீலத்துக்கு ஒரு வகையில் அவரும் சொந்தம்.) அங்கே நம் பக்கத்து அம்மன் ஒருத்தி இருக்கிறாள்.

கதை இதுதான். காஞ்சிபுரம் வட்டாரத்தில் பத்தாம் நூற்றாண்டில் யோகினிகளுக்கு ஒரு கோயில் இருந்திருக்கிறது. கோயில் போய்விட்டது, கற்சிலைகள் மட்டும் மிஞ்சின. 1920களில் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் அவற்றைத் தேடிப் பிடித்தார். புதுச்சேரியில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே பல்லவர் கோயில்களையெல்லாம் அளந்து எழுதினவர். தென்னிந்தியக் கட்டடக்கலை பற்றிய அவர் புத்தகம் 1914ல் வந்தது, எங்கள் ஆசிரியர்கள் அவர் பெயரை மரியாதையாகச் சொல்வார்கள். படிப்பாளிதான், ஆனால் சிலைகளைக் கப்பல் ஏற்றிவிட்டார். பாரிசில் இருந்த சி.டி. லூ என்ற சீனக் கலைப்பொருள் வியாபாரி கைக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு ஊர். பாரிஸ், லண்டன், வாஷிங்டன், டொராண்டோ, டெட்ராய்ட் என்று சிதறிவிட்டார்கள். சென்னையிலும் மிச்சம் உண்டு. பத்மா கைமல் என்ற பேராசிரியை இவர்களைப் பற்றியே 2012ல் ஆங்கிலத்தில் தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். பழைய கலை நூல்களில் சிலர் காஞ்சிபுரம் என்றும் சிலர் காவேரிப்பாக்கம் என்றும் குறித்திருக்கிறார்கள். எனக்கு எதுவானாலும் ஒன்றுதான். பஸ்ஸில் ஒரு மணி நேர தூரம்.

டூர் மேனேஜரிடம் கேட்டேன். பத்து நிமிஷம் போக, பத்து நிமிஷம் வர, இருபது நிமிஷம் பார்க்க, கணக்கு சரியாக வரும் என்றேன். "அங்கிள், பஸ் நிக்காது, பார்க்கிங் கிடையாது" என்றார். என் மனைவி, "ஏங்க, காஞ்சிபுரத்து அம்மன் இவ்ளோ தூரம் வந்து தனியா உக்காந்திருக்கா, ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தா என்னவாம்?" என்று அந்தப் பையனிடமே கேட்டாள். அவர் சிரித்துவிட்டு விசிலை ஊதினார். அங்கிருந்து நேரே செண்ட் கடைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே மட்டும் இரண்டு மணி நேரம், பார்க்கிங்கும் கிடைத்தது.

மனைவி 2019ல் காலமானாள். மறுபடி போகலாம் என்று பேசிக்கொண்டே இருந்தோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த டூரில் அவள் சந்தோஷப்படவில்லை என்று எழுதினால் அது பொய். டிட்லிஸ் மலையில் பனியைக் கையில் அள்ளிக்கொண்டு சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். அந்தப் போட்டோதான் ஹாலில் மாட்டியிருக்கிறது. "வாழ்க்கையில ஒரு தடவைதான் சார், எல்லாத்தையும் பாத்துடணும்" என்று நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பணம் நம்முடையது, முழங்காலும் நம்முடையது. இரண்டும் நாளுக்கு நாள் குறைகிறது. ஆனால் அந்தப் பனியைப் பார்க்க ஏழு நாடு தேவைப்படவில்லை. லூசர்னில் ஒரே ஓட்டலில் நாலு நாள் தங்கி, ஒரு நாள் மலை, ஒரு நாள் ஏரிப் படகு, ஒரு நாள் ரயிலில் ஜன்னலோரம் என்று இருந்திருந்தால் அவள் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பாள்.

2023ல் பேரன் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தான். "வாங்க தாத்தா" என்று கூப்பிட்டான். இந்தத் தடவை என் இஷ்டப்படி எட்டு நாள், இரண்டே ஊர். பாரிஸ் நாலு நாள், ஸ்ட்ராஸ்பூர்க் நாலு நாள்.

முதல் நாளே கிமே. (செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஞாபகம் இருக்கட்டும்.) விரிந்த சடையோடு உட்கார்ந்திருக்கிறாள். எண்ணெய் இல்லை, பூ இல்லை, சுத்தமான வெளிச்சம். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். பேரனுக்குக் கூச்சமாகப் போய் நாலடி தள்ளி நின்றுகொண்டான். காவலாளி அம்மா கிட்டே வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். நான் பிரெஞ்சில், "இவள் என் ஊர்ப் பக்கம், மேடம்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் சிலையைப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டுப் போனார். நான் என் மனைவி சார்பிலும் ஒரு கும்பிடு போட்டேன்.

அதற்கப்புறம் ஸ்ட்ராஸ்பூர்க். பாரிஸ் கிழக்கு ஸ்டேஷனில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நம் வேலூர் மாவட்டத்துக்காரர்கள் (இப்போது பிரித்துவிட்டார்கள், இருந்தாலும் வாய் வரவில்லை) ஐரோப்பாவில் ஒரே ஊர்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். காரணம் இருக்கிறது. அந்த ஊரில் 'பெத்தித் பிரான்ஸ்' என்று ஒரு பேட்டை. வாய்க்கால், மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், ஜன்னல் தோறும் பூந்தொட்டி. காலண்டரில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது என்ன பேட்டை தெரியுமா? தோல் பதனிடுகிறவர்கள் இருந்த பேட்டை! மேல் மாடம் திறந்து கிடப்பது காற்று வாங்க இல்லை, தோலைக் காயப்போட. 1572ல் கட்டிய தோல்காரர் வீடு ஒன்று இப்போது ஓட்டல். வாய்க்கால் ஓரம் இருப்பது தோலை அலச. நம் ஊரில் ஆவாரம்பட்டை, அங்கே ஓக் மரப்பட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். ராணிப்பேட்டை நாற்றம் அந்தக் காலத்தில் அங்கேயும் அடித்திருக்கும். இன்றைக்கு உலகமே வந்து போட்டோ எடுக்கிறது. பக்கத்தில் அரை மணி ரயில் தூரத்தில் கோல்மார் என்ற ஊரிலும் இதே மாதிரி ஒரு தோல்காரர் தெரு.

அந்த வாய்க்காலோரம் ஒரு பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேரன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பாலாறு ஞாபகம். பாரிசிலேயே பியேவ்ர் என்று ஒரு சின்ன ஆறு இருந்தது. தோல்காரர்களும் சாயக்காரர்களும் அதைச் சாக்கடையாக்கி, கடைசியில் 1912க்குள் நகருக்குள் முழுக்க மூடிவிட்டார்கள். மேலே ரோடு. ஸ்ட்ராஸ்பூர்க் ஆறு பிழைத்தது, பியேவ்ர் பிழைக்கவில்லை. டேனரிக் கழிவு பற்றி வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம்முடையது இரண்டில் எந்த ஆற்றின் பக்கம் போகப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தோல் கம்பெனிகளிலிருந்து மிலான் கண்காட்சிக்குப் போய்வருகிறவர்கள் நம் பக்கம் எத்தனையோ பேர். அவர்கள் இந்த ஊரையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் தேவலை.

இன்னொரு வேடிக்கை. 14 ஜூலைக்கு நாங்கள் பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியப் பாடிய 'லா மார்செய்யேஸ்' பாட்டுக்குப் பெயர்தான் மார்செய். அதை 1792ல் எழுதினது இந்த ஸ்ட்ராஸ்பூர்கில். வாத்தியார் சொல்லியிருப்பார், நான் கவனித்திருக்க மாட்டேன்.

செண்ட் கடையைத் திட்டினேன் அல்லவா? அதற்கும் தோலில்தான் வேர். தெற்கு பிரான்சில் கிராஸ் என்ற ஊர் முதலில் டேனரி ஊர். அங்கே செய்த கையுறைகளில் தோல் வாடை போக வாசனை ஏற்றினார்கள். நாளாக நாளாகத் தோல் போய் வாசனைத் தொழில் மட்டும் நின்றது. மல்லிகை பயிரிட்டார்கள். இப்போது நம் தமிழ்நாட்டு மல்லிகைச் சாறும் அங்கே போகிறது. நான் போனதில்லை. தெம்பிருக்கிறவர்கள் போங்கள்.

செலவு விஷயம் சுருக்கமாக. விசா கட்டணம் 2024லிருந்து 90 யூரோ, முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். ஏழு நாடானாலும் ஒரு நாடானாலும் இது ஒன்றுதான், ஆகவே 'ஒரே விசாவில் ஏழு நாடு' என்பது ஏதோ சலுகை என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பாரிஸ் வடக்கு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் லா சப்பெல் என்ற இடத்தில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இட்லி, தோசை, வெற்றிலை எல்லாம் கிடைக்கும். அங்கே 1985லிருந்து மாணிக்க விநாயகர் கோயில் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசிவாக்கில் தேர் ஓடும், தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். மே, ஜூன், செப்டம்பரில் போனால் குளிரும் தாங்கும். ஓட்டலில் லிப்ட் உண்டா என்று முதலில் கேளுங்கள். என் முழங்கால் பேசுகிறது.

இன்னொரு யோசனையும் நண்பருக்குச் சொல்ல நினைத்தேன். ஐரோப்பாவுக்கு முன்னால் எழும்பூர். காவேரிப்பாக்கத்துக் கற்சிலைகள் அங்கே மியூசியத்தில் இருக்கின்றன. 949ல் பக்கத்துத் தக்கோலத்தில் சோழரை வென்ற ராஷ்டிரகூடர் காலச் சாயல் அதில் தெரிகிறது என்பார்கள். நம்மூரில் பிறந்தவர்கள் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நண்பர் பார்த்ததில்லை. நானே ரிடையர் ஆன பிறகுதான் பார்த்தேன்.

நேற்று அவரே போன் செய்தார். பத்து நாட்டுக் காகிதத்தை மருமகனிடம் கொடுத்துவிட்டாராம். மூன்றாவது காகிதத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் இல்லையே, சேர்க்கச் சொல்லிக் கேட்கலாமா என்றார். கேளுங்கள் என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் எழும்பூர் போகிறோம். அவர் வீட்டிலிருந்து புளிசாதம் வருகிறது.