பெட்டி நெறஞ்சது, பட்டியல் எங்கே?

2023 டிசம்பர் 17, 18இல் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. குமாரலிங்கபுரத்திலிருந்து நாங்கள் நாலு பேர் அருப்புக்கோட்டை போய், ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் அட்டைப்பெட்டி வைத்து நின்றோம். அரிசி, பிஸ்கட், பழைய சேலை. பொழுது சாய்வதற்குள் பெட்டிகள் நிறைந்துவிட்டன.

பத்துக் கிலோ அரிசியை இறக்கிவைத்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, எல்லாத்தையும் காலனியிலேயே கொட்டிறாதீக."

அரிசி போய்விடுமே என்று பயந்து, "சரிங்கய்யா" என்றேன்.

தண்ணிக்குச் சாதி இல்லையாம். பள்ளத்தில் நம்மைக் குடிவைத்தது யார்? 2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் பிணம் அள்ள வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். அதே கரையில் நிவாரணத்தில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதைத் தலித் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. சாவை அள்ள நாம் வேண்டும்; சோறு பங்கிடும்போது நாம் கடைசி.

நிவாரணத்தில் சாதி பார்க்கக் கூடாது என்கிறது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 61ஆம் பிரிவு. சட்டம் இருக்கு. கேட்கிற வாய் எங்கே?

தோழர்களே, பெட்டி தூக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. லாரியோடு நீங்களும் போங்கள். கடைசித் தெருவில் இறங்குங்கள். யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலைக் கேளுங்கள். கொடுத்தவர் பெயரை வாசிக்கிறவர்கள் வாங்கியவர் தெருவையும் வாசிக்கட்டும்.

நான் அன்று லாரியில் ஏறவில்லை. அந்தப் பத்துக் கிலோ எந்தத் தெருவில் இறங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.