பெட்டியில 5,000 வாட்ஸ்... உள்ளே 60 தானா? வீட்டு ஆம்ப்ளிஃபயர் கருகுவது ஏன்? - முழு விளக்கம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் புதுக்கோட்டை மாவட்ட கிராமங்களில் கரண்ட் போவதும் வருவதும் வாடிக்கைதான். போனால் ஃபேன் நிற்கும், வந்தால் சுற்றும். ஆனா, சிறுகச் சிறுக காசு சேர்த்து வாங்கின ஆம்ப்ளிஃபயர்? கரண்ட் திரும்பி வந்த நொடியில் 'டப்'புனு ஒரு சத்தம், லேசா கருகல் வாசனை... அவ்வளவுதான்.

"சத்தமா பாட்டு வெச்சதாலதான் போச்சு" என்று வீட்டில் திட்டு விழும். அது ஒரு காரணம் மட்டுமே. கரண்ட், ஓம்ஸ், சூடு ஆகிய மூன்றையும் கவனித்தால் பெரும்பாலான செட்டுகளைக் காப்பாற்றிவிடலாம்.

கஜா புயல் சொன்ன பாடம் என்ன?

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளையும் புரட்டிப்போட்டது. டெல்டா முழுக்க 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பவே வாரக்கணக்கில் ஆனது.

இப்படிக் காற்று மழையில் கம்பி அறுவது மட்டும் ஆபத்து இல்லை. நியூட்ரல் கம்பி லூஸானாலும் ஆபத்துதான். வீட்டுக்கு வருவது ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல். இரண்டுக்கும் நடுவே 230 வோல்ட். ஆனால் இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே இருப்பது சுமார் 400 வோல்ட். நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு வீட்டில் பல்பு மங்கும், பக்கத்து வீட்டில் 300, 350 என்று எகிறும்.

230 வோல்ட்டுக்கு 12 தரும் ட்ரான்ஸ்பார்மர், 350 வந்தால் 18 தரும். அது டிசியாக மாறும்போது 25-ஐ நெருங்கும். உள்ளே இருப்பது 25 வோல்ட் கண்டென்சர் என்றால், அதன் எல்லை அதோட முடிஞ்சது.

விதிப்படி வீட்டு மின்சாரம் 6 சதவீதம் வரைதான் கூடலாம், குறையலாம். அதாவது சுமார் 216 முதல் 244 வோல்ட் வரை.

என்ன செய்யலாம்?

* கரண்ட் போனதும் ஆம்ப்ளிஃபயர் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. வந்த பிறகு சில நிமிஷம் பொறுத்துப் போடுங்க.
* வோல்ட்டேஜ் அதிகமானால் தானாகவே கட் ஆகும் ஸ்டெபிலைசரைக் கேட்டு வாங்குங்க.
* இடி மின்னல் நேரத்தில் சுவிட்ச் மட்டும் போதாது. பிளக்கையே கழற்றுங்க. டிவியிலிருந்து வரும் ஒயரையும் சேர்த்து!
* ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போடணும். செம்புக்கம்பி சுற்றினால் அடுத்து எரிவது ஃபியூஸ் அல்ல, ட்ரான்ஸ்பார்மர்.

5,000 வாட்ஸ் என்பது நிஜமா?

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் 'பிஎம்பிஓ' கணக்கு. இதை அளக்க எல்லோருக்கும் பொதுவான முறையே கிடையாது. பார்க்க வேண்டியது 'ஆர்எம்எஸ்' வாட்ஸ்.

அசெம்பிள் செட் வாங்கினால் ட்ரான்ஸ்பார்மரைக் கேளுங்க. 12-0-12, 5 ஆம்பியர் என்றால் 24 x 5 = 120. உள்ளே போவதே அவ்வளவுதான். அதிலும் ஒரு பகுதி சூடாக வீணாகும். தொடர்ந்து 60 வாட்ஸ் சத்தமாக வெளியே வந்தாலே நல்ல செட்.

ஸ்பீக்கர் இணைக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

ஆம்ப்ளிஃபயர் பின்பக்கம் 4 ஓம்ஸ், 8 ஓம்ஸ் என்று இருக்கும். இரண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கரை பேரலலாகச் சேர்த்தால் 4 ஆகும். இரண்டு 4 ஓம்ஸ் சேர்த்தால் 2 தான்! ஓம்ஸ் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் அதிக கரண்ட்டைத் தள்ளியாகணும். தாங்காமல் ஐசி போய்விடும்.

ஒயர் மாட்டும்போது செட் ஆஃபில் இருக்கட்டும். சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றி மாட்டினால் பேஸ் காணாமல் போகும். பிரிந்து நிற்கும் ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட்தான்.

எங்கே வைக்கலாம்?

வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் நம்ம ஊர். மூடிய அலமாரியில் வைத்து, மேலே துணி போர்த்தினால் ஹீட் சிங்க் எப்படி ஆறும்? மேலேயும் பின்னாலேயும் நாலு விரல்கடை இடம் விடுங்க. சூடு 10 டிகிரி கூடினால் கண்டென்சரின் ஆயுள் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸில் பொதுக்கணக்கு.

பாட்டு கரகரன்னு கேட்டால் வால்யூமை உடனே குறைங்க. ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டுது என்று அர்த்தம். முதலில் போவது ட்வீட்டர்.

எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். வீட்டில் வைக்கும் ஒலி, வீட்டின் எல்லையில் இதைவிட 5 டெசிபல் வரைதான் கூடலாம். இன்னொரு விஷயம்: வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். ஒரு ஹாலுக்கு 5,000 வாட்ஸ் தேவையே இல்லை.

கருகல் வாசனை வந்துவிட்டால்?

முதலில் பிளக்கைக் கழற்றுங்க. நீங்களே திறக்காதீங்க. கரண்ட் இல்லாதபோதும் பெரிய கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும். சர்வீஸ் கடையில் கொடுக்கும்போது, "கரண்ட் வந்ததும் போச்சா, பாட்டு ஓடும்போது போச்சா" என்பதை மறக்காமல் சொல்லுங்க. முதலாவது என்றால், செட்டைச் சரிசெய்த கையோடு வீட்டு நியூட்ரலையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்க. இல்லையென்றால் அடுத்த மழைக்கு டிவியும் ஃபிரிட்ஜும் சேர்ந்து போகலாம்.