கிரிப்புக்குள் தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள்

நேற்று முற்றத்தில் உட்கார்ந்து பைக்கின் ஹேண்டில்பார் கிரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். வாசல் வழியாகப் போன பக்கத்து வீட்டு அண்ணாச்சி நின்று பார்த்தார். "என்ன சாரே, பென்ஷன் வரல்லியா? ஒர்க்‌ஷாப்புல அம்பது ரூவா குடுத்தா பையன் ரெண்டு நிமிஷத்துல மாட்டித் தருவானே" என்றார். வாசலில் வைத்து நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரெண்டு நிமிஷத்தோடுதான் என் சண்டையே.

போன ஐப்பசி மழையில் தக்கலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். பின்னால் என் வீட்டுக்காரி. புது கிரிப் மாட்டி நாலு நாள்தான் ஆகியிருந்தது. பார்வதிபுரம் மேம்பாலத்தில் இறங்கும்போது முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. பிரேக்கைப் பிடித்து வண்டியை ஒடித்தேன். இடது கிரிப் கம்பியை விட்டுவிட்டு என் கையோடு வந்துவிட்டது. வெறும் கம்பியைத் தாவிப் பிடித்து எப்படியோ நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் திட்டிய திட்டில் நியாயம் இருந்தது.

வீட்டுக்கு வந்து கிரிப்பை மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

மாட்டிய பையன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். போய்க் கேட்டேன். "எண்ணெய் போடாட்டி உள்ள ஏறாது சார்" என்றான். உண்மைதான், ஏறாது. 'உராய்வு ஒரு தேவையான தீமை, விளக்குக' என்று நான் கேட்ட கேள்விக்கு அவன் ஒழுங்காகப் பதில் எழுதியவன். உயவுப் பொருள் உராய்வைக் குறைக்கும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். குறைத்த உராய்வு திரும்பி வர வேண்டிய இடமும் உண்டு என்று ஒருநாளும் ஒரு ரப்பர் துண்டைக் கையில் கொடுத்துக் காட்டியதில்லை. வேதனை அதுதான்.

எண்ணெய் காயாது. கம்பிக்கும் ரப்பருக்கும் நடுவில் அப்படியே கிடக்கும். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பி, தளர்ந்தும் போகும். அரசு ரப்பர் கழகம் 1984 முதல் இருக்கிற மாவட்டம் நம்முடையது. கீரிப்பாறையிலும் மணலோடையிலும் மரம் மரமாகப் பால் எடுக்கிற ஊர்க்காரர்களுக்கு ரப்பரைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

எண்ணெய் இல்லாமல் எப்படி ஏற்றுவது? ஆவியாகிப் போகிற ஒன்று வேண்டும். கொரோனாக் காலத்தில் வாங்கி மிச்சம் கிடக்கிற சானிடைசர் போதும். ஜெல் வேண்டாம், தண்ணீர் போல இருக்கிறது நல்லது. பழைய கிரிப் வேண்டாமென்றால் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடலாம். வலது பக்கம் மட்டும் அழுத்திக் கீறாதீர்கள், அடியில் இருப்பது ஆக்ஸிலேட்டரின் பிளாஸ்டிக் குழாய். கிரிப் திரும்ப வேண்டுமென்றால், முனையை மழுக்கிய சைக்கிள் கம்பியை அடியில் விட்டு, சானிடைசரைச் சொட்டி, முறுக்கினால் கழன்று வரும். பிறகு கம்பியை நன்றாகத் துடைக்க வேண்டும். கடல் காற்றில் துரு ஏறியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும். சானிடைசரால் நனைத்து, புது கிரிப்பை நிறுத்தாமல் ஒரே தள்ளாக ஏற்ற வேண்டும். பாதியில் நின்றால் பிடித்துக்கொள்ளும்.

இடதும் வலதும் ஒன்றல்ல. பெரும்பாலான பைக்குகளில் இடது கம்பி 22 மில்லிமீட்டர். வலது கிரிப் அந்தக் குழாய் மேல் ஏறுவதால் அதன் ஓட்டை பெரியது. மாற்றிப் போட்டால் இடது பக்கம் முதல் நாளே சுழலும்.

அப்புறம் ராத்திரி முழுக்க வண்டியைத் தொடக் கூடாது. ரெண்டு நிமிஷத்தில் ஆகாதது இதுதான். காலையில் முறுக்கிப் பாருங்கள், அசையக் கூடாது.

வலது கிரிப்பை சுவிட்ச் பெட்டியில் முட்டும்வரை தள்ளிவிடாதீர்கள், மெல்லிய இடைவெளி வேண்டும். முட்டினால் ஆக்ஸிலேட்டர் திரும்பி வராது. இடது கிரிப் கழன்றால் கையில் வரும். வலது கிரிப் முட்டிக்கொண்டால் வண்டி நம்மை இழுத்துக்கொண்டு போகும். எஞ்சினை அணைத்து வைத்தே முறுக்கி விடுங்கள், டப்பென்று தானாகத் திரும்ப வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, சும்மா ஓடவிட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் கூடினால் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.

"எல்லாரும் வீட்டுலயே செஞ்சா அந்தப் பையன் எப்படிப் பிழைப்பான்?" என்று அண்ணாச்சி கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அவன் பிழைப்பைக் கெடுப்பவன் நானல்ல. "வேகம் போடுலே, ஆபீஸுக்கு நேரமாச்சு" என்று பக்கத்தில் நின்று அவசரப்படுத்துகிறோமே, நாம்தான் அவனை எண்ணெய்ப் பாட்டிலை எடுக்க வைக்கிறோம். அன்றைக்கு அவன் பக்கத்தில் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்தான். நேரமில்லாதவர்கள் அவனிடமே கொடுங்கள். சாயங்காலம் விட்டுவிட்டுக் காலையில் எடுங்கள். அம்பதுக்கு நூறு கொடுங்கள், எண்ணெய் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அவனிடம் ஒரு சானிடைசர் பாட்டில் கொடுத்திருக்கிறேன். "இதுக்கு ராத்திரி பூரா காத்துக் கிடக்க யாரு சார் வாறா?" என்று கேட்டான்.